நாவைக் காணும் கருவி: தமிழ் ஒலிப்பாய்வில் மீயொலியும் களப்பணியும்



மொழி பற்றிய சொற்பொழிவுத் தொடரில் மருத்துவமனைக் கருவி ஒன்றைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கருவுற்ற தாயின் வயிற்றில் வளரும் குழந்தையைத் திரையில் காட்டும் மீயொலிக் கருவியை நாம் அனைவரும் அறிவோம். நம் வழக்கில் அதன் பெயர் ‘ஸ்கேன்’. அதே கருவியைத் தாடையின் கீழ் வைத்தால், பேசும்போது வாய்க்குள் அசையும் நாவையும் காணலாம். மருத்துவமனை அறைக்கென அமைந்த அக்கருவியை ஒலியியலார் எவ்வாறு மக்கள் வாழும் ஊர்களுக்கு எடுத்துச் சென்றனர், தமிழுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் அதனால் என்ன விளைந்தது, மலாக்கா மாநிலத்துத் தமிழுக்கு இனி என்ன விளையக்கூடும் என்னும் மூன்று வினாக்களை இவ்வுரையில் வரலாற்று முறையில் காண்போம். பேசுவோர் கருவியைத் தேடி வந்த காலத்தில் நாம் கண்டது ஒரு சிலருடைய நாவின் இயக்கமே. கருவி பேசுவோரைத் தேடிச் செல்லும்போதுதான் மக்கள் வழங்கும் தமிழின் முழு உருவம் புலப்படும் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

1. தொல்காப்பியர் வகுத்த எல்லை

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கிறது என்பது அவ்வியலின் அடிப்படை. ககர ஙகரத்துக்கு முதல் நாவும், சகர ஞகரத்துக்கு இடை நாவும், டகர ணகரத்துக்கு நுனி நாவும் அண்ணத்தோடு சேர்கின்றன. இவ்வளவும் நாம் பள்ளியிலேயே கற்றவை.

ஒலியியல் மாணவர் நின்று நோக்க வேண்டிய இடம் அதற்கு அடுத்தது. நுனி நா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை ஒற்றினால் றகர னகரம் பிறக்கும் என்றும், அதே நுனி நா எழுந்து அண்ணத்தை வருடினால் ரகர ழகரம் பிறக்கும் என்றும் தொல்காப்பியர் பிரிக்கிறார். நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்தி நிற்க, அண்ணத்தை ஒற்றுவதால் லகரமும் வருடுவதால் ளகரமும் பிறக்கும் என்கிறார். ஒற்றுதல், வருடுதல் என்னும் இரண்டு வினைகளைக் கொண்டு ஆறு ஒலிகளை அவர் வேறுபடுத்திவிட்டார். ழகரத்தை அவர் ரகரத்தோடு இணைத்திருப்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். இன்று நம் மாணவர் ழகரத்தை ளகரத்தோடு மயக்குகின்றனர். தொல்காப்பியருக்கோ அதன் இணை ரகரம். இம்முரண்பாட்டுக்குப் பின்னர் வருவோம்.

பிறப்பியலின் இறுதியில் ஓர் எல்லையும் வகுக்கப்பட்டுள்ளது. உடலின் உள்ளே எழுந்து இயங்கும் காற்றின் அளவை ஆராய்வது அந்தணர் மறைக்கு உரியது. புறத்தே வந்து பொருள் புலப்பட இசைக்கும் ஒலியின் அளவையே தாம் கூறியதாக ஆசிரியர் குறிப்பிடுகிறார். கண்ணாடியும் விளக்கும் கருவியும் இல்லாத காலத்தில், தம் நாவைத் தாமே உணர்ந்தும் பிறர் ஒலியைச் செவியால் கேட்டும் பெற்ற அறிவு அது. அந்த எல்லைக்கு அப்பால் உள்ளதைக் காண மனிதர் மேற்கொண்ட முயற்சிகளே இனி நாம் காணும் வரலாறு.

2. மையும் ஊடுகதிரும் காந்தமும்

பேசும் நாவைக் காண்பதற்குத் தடை வாய்தான். வாயைத் திறந்தால் ஒலி மாறிவிடும். மூடினால் நா மறைந்துவிடும். இத்தடையைத் தாண்டிய முதல் வழி மிக எளியது. 1870களில் ஓக்லி கோல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பல் மருத்துவர் மாவும் பசையும் கலந்த கலவையைத் தம் அண்ணத்தில் பூசிக்கொண்டு ஓர் ஒலியை ஒலித்தார். நா தொட்ட இடத்தில் கலவை அழிந்திருந்தது. இன்றும் களப்பணியில் இம்முறை வழங்குகிறது. கரித்தூளையும் ஆலிவ் எண்ணெயையும் குழைத்து நாவில் தடவி, ஒரு சொல்லை ஒருமுறை ஒலிக்கச் செய்து, வாய்க்குள் சிறு கண்ணாடியை நீட்டி அண்ணத்தில் படிந்த கறையைப் படம் எடுக்கின்றனர். இதனை அண்ணப் பதிவு என்கிறோம். தொல்காப்பியர் கூறிய ஒற்றுதலின் தடத்தை இது நேரே காட்டுகிறது. ஆனால், ஒலிக்கும் கணத்தில் நா எவ்வாறு வளைந்து வந்தது, எவ்வாறு விலகிச் சென்றது என்பதை அந்தக் கறை சொல்வதில்லை.

தமிழ் ஒலிகளை நவீன ஒலியியல் முறையில் விளக்கியவர்களுள் இலண்டனைச் சேர்ந்த ஜே. ஆர். ஃபர்த் முன்னோடி. ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கணத்தின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் உச்சரிப்பைப் பற்றிய அவருடைய சுருக்கமான கட்டுரை பின்னிணைப்பாக வெளிவந்தது. 1955இல் பிராக் நகரிலிருந்து ஷ்வார்னியும் கமில் சுவெலபிலும் தமிழின் வளைநா ஒலிகளை அண்ணப் பதிவாலும் எக்ஸ்-கதிர்ப் படங்களாலும் ஆராய்ந்து எழுதினர். 1983இல் பீட்டர் லாடிஃபோகெடும் பெரி பாஸ்கரராவும் இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளின் வளைநா ஒலிகளை எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையோடு ஒப்பிட்டனர். எழுத்துப்பெயர்ப்பில் ஒரே குறியால் எழுதப்படும் டகரம், இந்தியில் நாவின் நுனியாலும் தமிழிலும் தெலுங்கிலும் நுனியின் அடிப்பக்கத்தாலும் ஒலிக்கப்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். நம் டகரத்தில் நா பின்னோக்கி எவ்வளவு மடங்குகிறது என்பதை உலக ஒலியியல் பாடநூல்கள் அறிந்துகொண்டது இத்தகைய ஆய்வுகளால்தான்.

எக்ஸ்-கதிர் உடலுக்குத் தீங்கு விளைப்பது. ஆய்வுக்காக நலமுள்ள ஒருவரின் தலையில் அதனை மீண்டும் மீண்டும் செலுத்துவது அறமன்று என்ற தெளிவு ஏற்பட்டபின் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டது. அதன் பின்னர் வந்தது காந்த ஒத்ததிர்வுப் படிமம். 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெயில் கான் ஆகிய மூவரும் ர, ற, ல, ள, ழ என்னும் ஐந்து ஒலிகளையும் காந்தப் படிமம், அண்ணப் பதிவு, நாவில் ஒட்டிய சிறு உணரிகளின் இயக்கத்தைக் காந்தப்புலத்தால் அளக்கும் முறை ஆகிய மூன்றாலும் ஆராய்ந்து அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். தமிழ் ஒலிப்பாய்வில் அது ஒரு திருப்புமுனை. ஆயினும், அது தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரே ஒருவருடைய நாவின் வரலாறு. பெருங்காந்தத்தின் குழாய்க்குள் மல்லாந்து படுத்து, பேரிரைச்சலுக்கிடையே ஒலிகளை நீட்டி ஒலிக்க வேண்டிய சூழலில் பலரை ஆராய்வது அன்று எளிதாக இல்லை. படுத்த நிலையில் நா தொண்டைப் பக்கம் சற்றே சரிவதும் உண்டு. அக்கருவியை எந்த ஊருக்கும் தூக்கிச் செல்ல இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

3. கொதிகலனிலிருந்து வாய்க்குள்

மீயொலியின் கதை கடலில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன் குவார்ட்சுப் படிகத்தை அதிரச் செய்து மீயொலி அலைகளை எழுப்பினார். பின்னர் அந்நுட்பம் தொழிற்சாலைகளுக்கு வந்தது. உலோகத் தகட்டுக்குள் மீயொலியைச் செலுத்தினால், உள்ளே விரிசல் உள்ள இடத்திலிருந்து எதிரொலி திரும்பும். 1955இல் கிளாஸ்கோ மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட், அறுவையில் அகற்றிய கட்டிகளைக் கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு எடுத்துச் சென்று, உலோக விரிசல் காணும் கருவியால் சோதித்துப் பார்த்தார். 1958இல் அவரும் அவருடைய துணைவர்களும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை மகப்பேற்று மருத்துவத்தில் மீயொலிப் படத்துக்கு வழி திறந்தது. கருவி ஓர் இடத்திலிருந்து வேறோர் இடத்துக்குப் பெயர்ந்து, அவ்விடத்துக்கேற்ப மாறி வளர்வது அதன் பிறப்பிலேயே அமைந்த இயல்பு.

அதன் இயக்கம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். உடலின் மென்தசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் விரைவில் செல்கிறது. தாடையின் அடியில் வைத்த ‘புரோப்’ என்னும் கைப்பிடி உணரி மீயொலித் துடிப்பை மேல்நோக்கி அனுப்புகிறது. அத்துடிப்பு நாவின் தசையைக் கடந்து அதன் மேற்பரப்பை அடைகிறது. அதற்கு மேல் இருப்பது காற்று. தசைக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிதாதலால், ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பி வருகிறது. திரையில் அது வெண்மையான வளைகோடாகத் தெரியும். அக்கோடே நாவின் முதுகு. எட்டுச் சென்டிமீட்டர் ஆழம் வரை சென்று திரும்ப ஒரு துடிப்புக்கு ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஒரு படத்துக்கு 64 துடிப்புகள் எனக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 150 படங்கள் எடுக்கலாம். கதிர்வீச்சு இல்லை, வாய்க்குள் எதையும் ஒட்ட வேண்டியதில்லை, பேசுபவர் அமர்ந்தவாறே இயல்பாகப் பேசலாம். பேச்சாய்வில் மீயொலியைப் பயன்படுத்தும் முயற்சிகள் 1960களின் இறுதியிலேயே தொடங்கின. 1980களிலிருந்து மவ்ரீன் ஸ்டோன் முதலியோர் நாவின் படங்களைப் பெறும் முறையையும் அளக்கும் முறையையும் ஒழுங்குபடுத்தினர்.

4. களத்துக்கேற்பக் கருவியை மாற்றுதல்

ஆனால், 1980களின் மீயொலிக் கருவி சக்கரம் வைத்த அலமாரியைப் போன்றது. அது களத்துக்கு வரக் காரணமாக இருந்தது மொழியியல் அன்று, போர்க்களம். காயமுற்ற வீரர்களைப் போர்முனையிலேயே சோதிக்கும் நோக்கில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதியால் உருவான கையடக்க மீயொலிக் கருவி 1999இல் விற்பனைக்கு வந்தது. மின்கலத்தால் இயங்கிய அது ஒருவர் தோளில் மாட்டிச் செல்லக்கூடிய எடையே கொண்டது. விண்வெளி நிலையத்திலும் மீயொலிக் கருவி வைக்கப்பட்டது. மருத்துவர் அல்லாத விண்வெளி வீரர்கள் தரையிலுள்ள வல்லுநர் வழிகாட்டத் தம் உடலைத் தாமே படம் எடுத்தனர். கருவி சிறுத்ததோடு அதனைக் கையாளும் திறனும் வல்லுநரிடமிருந்து பிறருக்குப் பரவியது.

கனடாவின் பிரையன் கிக் 2002இல் பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் இதழில் மொழியியல் களப்பணிக்கு மீயொலியைப் பயன்படுத்தும் வழியை விளக்கி எழுதினார். ஆய்வுக்கூடத்தில் எண்ணிப் பார்த்திராத சிக்கல்கள் களத்தில் ஒவ்வொன்றாக எழுந்தன.

முதலாவது, தலையின் அசைவு. பேசும்போது தலை அசைகிறது, புரோப்பும் வழுகுகிறது. நா அசைந்ததா, தலை அசைந்ததா என்று படம் சொல்லாது. ஆய்வுக்கூடத்தில் தலையைச் சட்டகத்தில் பொருத்தினர். களத்தில் பேசுபவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்ளுமாறு செய்து, புரோப்பைத் தாங்கியில் நிறுத்தினர். எடின்பரோவில் தலையோடு சேர்ந்து அசையும் உலோகத் தலைக்கவசம் உருவானது. அதன் எடையை முதியோரும் சிறுவரும் நெடுநேரம் தாங்க மாட்டார்கள். 2018இல் இத்தாலியின் போல்சானோவைச் சார்ந்த ஆய்வாளர்கள் முப்பரிமாண அச்சில் வார்க்கும் எடை குறைந்த தலைப்பட்டையை அறிமுகப்படுத்தினர்.

இரண்டாவது, விரைவு. தொடக்கக் களக் கருவிகளின் படத்தைத் தொலைக்காட்சித் திரைக்குரிய முறையில் பதிவு செய்தபோது நொடிக்கு 25 அல்லது 30 படங்களே கிடைத்தன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 30 மில்லிநொடிக்கு மேல் கழிந்துவிடும். நம் ‘பாடம்’ என்னும் சொல்லில் உயிர்களுக்கிடையே வரும் டகரம் அந்த இடைவெளிக்குள்ளேயே வந்து மறைந்துவிடக்கூடும். ஒலிப்பதிவும் படமும் ஒரே கணத்தைக் காட்டுமாறு இணைப்பதும் தனிச் சிக்கலாயிற்று. மருத்துவர்க்குச் சில மில்லிநொடித் தாமதம் பொருட்டன்று. ஒலியியலார்க்கு அதுவே எல்லாம்.

மூன்றாவது, சூழல். புரோப்புக்கும் தோலுக்கும் இடையே சிறிதளவு காற்று புகுந்தாலும் மீயொலி திரும்பிவிடும். அதனால்தான் ஜெல் பூசுகின்றனர். தாடி, வியர்வை, உலர்ந்த ஜெல் ஆகிய ஒவ்வொன்றும் படத்தைக் கெடுக்கும். வாய் உலர்ந்தாலும் படம் மங்கும். ஆகவே இடையிடையே நீர் பருகச் சொல்ல வேண்டும். பொதுவாக இளையோரின் படம் தெளிவாகவும் முதியோரின் படம் மங்கலாகவும் அமைவதுண்டு. களத்தில் நாம் தேடிச் செல்வதோ முதியோரை. கருவியின் விசிறி எழுப்பும் இரைச்சல் ஒலிப்பதிவில் சேர்வதும், தகரக் கூரையில் மழை பெய்தால் பதிவையே நிறுத்த வேண்டியிருப்பதும் நம் நாட்டுச் சூழலில் எளிதில் எண்ணிப் பார்க்கக்கூடியவை.

இவ்வளவு தொல்லைக்கும் பயன் உண்டா? தென்னாப்பிரிக்காவின் நூ மொழி அதற்கு விடை தருகிறது. நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த அம்மொழியைப் பேசியவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு, அனைவரும் முதியோர். அமாண்டா மில்லரும் அவருடைய குழுவினரும் மீயொலிக் கருவியோடு அவர்களிடம் சென்றனர். சொடுக்கொலியில் நாவின் பின்பகுதி மென்அண்ணத்தில் ஒட்டுகிறது எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. அது அதற்கும் பின்னே உள்நாக்குப் பகுதியில் அமைகிறது என்று 2009இல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது. அம்முதியோரைத் தொலைதூர ஆய்வுக்கூடத்துக்கு அழைக்க எண்ணிக் காத்திருந்தால் இந்தத் திருத்தம் வந்திருக்குமா என்பது ஐயமே.

5. கருவிக்குத் தெரியாத நுனிநா

தமிழாசிரியர்கள் கட்டாயம் அறிய வேண்டிய குறை ஒன்று இக்கருவிக்கு உண்டு. மீயொலி காற்றைக் கடவாது. எலும்பையும் எளிதில் கடவாது. தாடை எலும்பின் நிழல் படத்தின் முன்புறத்தில் விழுகிறது. நா நுனி மேலெழுந்தால் அதன் அடியில் காற்று புகுந்துவிடும். அப்போது கீழிருந்து வரும் ஒலி அந்தக் காற்றிலேயே மோதித் திரும்பும். நுனி பின்னோக்கி மடங்கிச் செங்குத்தாக நின்றால், ஒலியை எதிரொலிக்கும் பரப்பும் குறைந்துவிடும். ஆகவே ட, ண, ள, ழ ஆகிய ஒலிகளில் நாம் எதைக் காண விரும்புகிறோமோ, அந்த நுனியே பல நேரங்களில் இருளில் மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போதுமான கருவி தமிழுக்குக் குறைபடும் இடம் இது.

அதனால் தேர்ந்த ஆய்வாளர்கள் மீயொலியை மட்டும் நம்புவதில்லை. மைசூரிலுள்ள அனைத்திந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் டொரோண்டோவின் அலெக்சி கோச்செதோவும் 2014இல் வெளியிட்ட கன்னட ஆய்வு, இரட்டித்த வளைநா ஒலிகளை மீயொலியாலும் நாவில் ஒட்டிய காந்த உணரிகளாலும் சேர்த்தே ஆராய்ந்தது. மடங்கிய நா அடைப்பின்போது ஒரே இடத்தில் நில்லாமல் முன்னோக்கி நகர்ந்து விரிகிறது என்பது அதில் வெளிப்பட்டது. தொல்காப்பியர் வளைநா அடைப்பொலிக்கு இடத்தை மட்டும் சொன்னார். இடமும் இயக்கமும் சேர்ந்ததே அவ்வொலி என்பதைக் கருவி சொன்னது. களத்தில் காந்த உணரிகளைக் கொண்டுசெல்ல இயலாவிடில், மீயொலியோடு பழைய கரித்தூள் அண்ணப் பதிவைச் சேர்த்துக்கொள்ளலாம். நாவின் முதுகு வளைந்த விதத்தை ஒன்று காட்டும். நுனி தொட்ட இடத்தை மற்றொன்று காட்டும்.

மலையாளத்துக்கு இவ்வகையில் ஒரு சிறப்பான எடுத்துக்காட்டு உண்டு. தமிழைப் போலவே அதற்கும் ழகரம் உண்டு. ஜேம்ஸ் ஸ்காபி, புன்னூஸ், கத்தாப் ஆகியோர் 2013இல் ஒரு மலையாளியின் ஐந்து ஒலிகளை மீயொலியால் ஆராய்ந்தனர். அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ழகரம் ரகர இனமா லகர இனமா என்னும் வழக்கையே தலைப்பாகக் கொண்டது. ழகரத்தை ரகரத்தோடு வைத்த தொல்காப்பியரின் முடிவு இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் உயிருள்ள வினாவாக நிற்கிறது.

6. மலாக்காவில் ழகரம்

இவ்வினாவுக்கு மலாக்கா பழைய சாட்சி. இத்துறைமுகத்தில் தமிழ் வணிகரும் மலாய் மக்களும் பழகிய காலத்தில் தமிழ்ச் சொற்கள் பல மலாயில் கலந்தன. குளம் ‘கோலாம்’ ஆயிற்று; மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆயிற்று; பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. மலாயில் வளைநா ஒலிகள் இல்லாமையால் ளகரமும் ழகரமும் ஒன்றாக லகரத்தில் அடங்கின. டகரமும் பல்லின் பக்கம் நகர்ந்தது. போர்த்துக்கீசியர் செவியிலோ சோழமண்டலம் ‘கொரமாண்டல்’ ஆயிற்று என்பது பெரும்பாலோர் ஏற்ற விளக்கம். மலாய்ச் செவி ழகரத்தை லகரமாகக் கேட்டது. ஐரோப்பியச் செவி அதனை ரகரமாகக் கேட்டது. இரண்டும் பிழையல்ல. ழகரம் அவ்விரண்டின் இடையில் நிற்கும் ஒலி.

மலாக்காச் செட்டி மக்களை இங்கே நினைவுகூர வேண்டும். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயத்தையும் தம் வழிபாட்டையும் இன்றளவும் காத்து வரும் அச்சமூகத்தின் வீட்டுமொழி மலாய் சார்ந்தது. சமயமும் பெயரும் உணவும் நின்றன. நாவின் பழக்கம் மாறிவிட்டது. மொழி ஒலிகள் எவ்வாறு ஒரு சமூகத்தை விட்டு நீங்குகின்றன என்பதற்கு நம் ஊரிலேயே வரலாறு உண்டு.

தோட்டத்துத் தமிழின் வரலாறு அதற்குப் பிந்தியது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டதே மலாயாவின் வணிக இரப்பர்த் தோட்டங்களுக்குத் தொடக்கம் என்பர். அதன்பின் ஜாசின், மெர்லிமாவ், அசகான் எனப் பால்மரக் காடுகள் விரிந்தன. கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் திருச்சி, சேலம், தஞ்சை, வடார்க்காடு எனப் பல மாவட்டங்களைச் சேர்ந்தவை. தென் மாவட்டத்தார் பலர் ‘பளம்’ என்றனர். வட மாவட்டத்தார் பலர் ‘பயம்’ என்றனர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இவ்வழக்குகள் கலந்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திய பின்னர் அவ்வகைப் புதுவரவு நின்றது. அதற்கு முன் வந்தவர்களின் பிள்ளைகளே இன்று நம்மிடையே உள்ள மூத்த தலைமுறை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் கலைந்தன, குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்தன. உம்பாய்க் கடற்கரையிலிருந்து ஜாசின் உள்நாடு வரை பரவி வழங்கிய அத்தமிழின் ஒலிகளை அறிந்த செவிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.

இவர்களிடம் கேட்க வேண்டிய வினா எளியது; விடை எளிதன்று. ஒரு மூதாட்டி ‘வாழை’ என்று சொல்லும்போது நம் செவிக்கு ‘வாளை’ என்று கேட்கிறது. அவருடைய நா வாளை மீனைச் சொல்லும்போதும் அதே வடிவில்தான் வளைகிறதா? செவிக்கு ஒன்றாகக் கேட்பவை நாவில் இரண்டாக இருக்கக்கூடும். குழந்தைகளின் பேச்சில் இத்தகைய மறைவான வேறுபாடு உண்டென்பதை ஒலிப்பாய்வாளர் பலமுறை கண்டுள்ளனர். கேட்போர்க்கு இரண்டு ஒலிகளும் ஒன்றே எனத் தோன்றும்; கருவியோ குழந்தை இரண்டையும் வெவ்வேறாக ஒலிக்க முயல்வதைக் காட்டும். தோட்டத்து முதியோரின் நாவில் அத்தகைய வேறுபாடு எஞ்சியிருக்கிறதா என்பதைச் செவியால் தீர்மானிக்க இயலாது. நூ மொழியாரிடம் சென்றது போல் கருவி அவர்களிடம் செல்ல வேண்டும்.

7. வகுப்பறையில் இதன் பொருள்

நம் தமிழ்ப்பள்ளிகளில் ழகரம் பெரும்பாலும் மானப் பிரச்சினையாகவே கற்பிக்கப்படுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லையே சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று வகுப்பின் நடுவே நிற்கவைக்கப்பட்ட பிள்ளை, அடுத்த முறை வாயைத் திறக்கத் தயங்கும். மலாயும் ஆங்கிலமும் சூழ வளரும் அப்பிள்ளைக்கு, வாய்க்குள் நா எங்கே போக வேண்டும் என்பதை யாரும் காட்டுவதில்லை. காட்டவும் இயலாது; அது மறைந்திருக்கும் உறுப்பு.

ஸ்காட்லாந்தில் பள்ளி மாணவரிடையே நிகழ்ந்த மீயொலி ஆய்வு ஒன்று நமக்குப் பாடமாகும். ஆங்கில ‘ஆர்’ ஒலியை உழைக்கும் வகுப்பு மாணவர் பலர் நுனி நாவை உயர்த்தியும், நடுத்தர வகுப்பு மாணவர் பலர் நாவின் நடுவைத் திரட்டியும் ஒலித்ததை 2011இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. நாவின் வடிவம் சமூகத்தோடு சேர்ந்து மாறுகிறது. ஆகவே ழகரத்துக்கும் ஒரே ஒரு நா வடிவந்தான் உண்டென்று முன்கூட்டியே முடிவு கட்டுவதற்கு முன், பலருடைய நாவைக் கண்டாக வேண்டும். ஒரே ஒருவருடைய படத்தைப் பாடநூலில் அச்சிட்டு அதுவே அளவுகோல் என்று கொள்வது ஆய்வுமாகாது, அருளுமாகாது.

கனடாவில் செவித்திறன் குறைந்த இளையோர்க்கும் பேச்சுப் பயிற்சி பெறுவோர்க்கும் தம் நாவைத் திரையில் தாமே காணச் செய்து பயிற்சி அளித்தனர். இரண்டாம் மொழி கற்போர்க்கும் இம்முறை பயன்பட்டுள்ளது. இன்று கைப்பேசியோடு இணைக்கும் சிறு மீயொலிக் கருவிகளும் வந்துவிட்டன. பல்கலைக்கழகத் தமிழ்த் துறையும் மொழியியல் துறையும் பேச்சு மருத்துவத் துறையும் இணைந்தால், மலாக்காவின் ஓர் ஊர் மண்டபத்தில் ஒரு நாளில் சில முதியோரின் ஒலிகளையும் படங்களையும் பதிவு செய்ய இயலும். உரியவரின் ஒப்புதலைத் தெளிவாகப் பெறுதல், ஒவ்வொருவருக்கும் புரோப்பைத் தூய்மை செய்தல், தேவைக்கு மேல் நேரம் நீட்டாதிருத்தல், படத்தைப் பார்த்து நோய் பற்றி ஒரு சொல்லும் உரைக்காதிருத்தல் ஆகிய நான்கும் கட்டாய விதிகள்.

கருவி வரும் வரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வலி–வளி–வழி, அலை–அளை–அழை, வாலை–வாளை–வாழை என மூன்று மூன்றாகச் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி, தாத்தா, அண்டை வீட்டு மூத்தோர் ஆகியோரிடம், அவர்கள் இசைந்தால், அவற்றை ஐந்து முறை சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் பிறந்த ஆண்டு, வளர்ந்த தோட்டம், பெற்றோரின் சொந்த மாவட்டம் ஆகியவற்றைச் சேர்த்துக் குறியுங்கள். படித்துக் காட்டச் சொன்னால் எழுத்தைப் பார்த்து ஒலியைத் திருத்திக்கொள்வார்கள்; ஆகவே பொருளைக் காட்டி, இயல்பாகப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிற்காலத்தில் ஆய்வாளர் யாரிடம் கருவியைக் கொண்டு செல்ல வேண்டும் என்று கேட்கும்போது, முதல் விடையாக அமைவது அந்தப் பட்டியலே. தொல்காப்பியர் செவியைக் கொண்டு தொடங்கிய பணியை நாமும் செவியிலிருந்தே தொடங்கலாம். மூத்தோர் நம்மோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும்.